வயிற்றெரிச்சல் மாத்திரையும் நுரையீரல் நோயும்

சென்ற மாதம் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் ஆய்வுக்காகச் சென்றிருந்தேன். பேரேடுகளைப் பார்த்து முடித்து, நூல் இருப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்த வேளையில், நெடுங்கால அங்கத்தினரான முதியவர் ஒருவர் என் அருகில் வந்து அமர்ந்தார். கூலி பற்றியோ கடன் பற்றியோ கேட்க வந்திருக்கிறார் என்றே எண்ணினேன். அவர் கேட்டதோ வேறு.

"சார், நீங்கள் படித்தவர்கள். ஒரு சந்தேகம். இருதயத்திற்காகத் தினமும் ஆஸ்பிரின் மாத்திரை சாப்பிடுகிறேன். அதனுடன் காலையில் வெறும் வயிற்றில் சாப்பிட ஒரு வயிற்று மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். அந்த வயிற்று மாத்திரையால் நுரையீரலில் சளி கட்டி நிமோனியா வரும் என்று பேரன் சொன்னான். நான்கு நாளாக அதை நிறுத்திவிட்டேன். சரிதானே?"

"ஐயா, ஆஸ்பிரினையும் நிறுத்திவிட்டீர்களா?" என்று கேட்டேன்.

"அது இருதயத்திற்கு ஆயிற்றே, அதை எப்படி நிறுத்துவது?" என்றார்.

அவர் விடாமல் உண்டுவந்தது இரைப்பையைப் புண்ணாக்கக்கூடிய மாத்திரை. விட்டுவிட்டது அப்புண்ணைத் தடுப்பதற்காகவே கொடுக்கப்பட்ட மாத்திரை. நான் மருத்துவன் அல்லேன், கணக்குப் பார்ப்பவன். ஆதலின் அவருக்கு விடை கூறாமல், அன்று மாலையே அவரை அவருடைய மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அங்கு கேட்டறிந்தவற்றையும், அதன்பின் நானே படித்து அறிந்தவற்றையும் அங்கத்தினர்கள் எல்லோரும் தெரிந்துகொள்வது நலம் என்று கருதி இங்கே எழுதுகிறேன்.

இரைப்பையின் அமிலம்

நாம் உண்ணும் உணவு இரைப்பையை அடைந்ததும் அங்கே ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுரக்கிறது. உணவிலுள்ள புரதத்தைப் பக்குவப்படுத்துவது அதன் முதல் வேலை. இரண்டாவது வேலையைப் பலர் நினைப்பதில்லை. உணவோடும் நீரோடும் விழுங்கிய உமிழ்நீரோடும் உள்ளே செல்லும் நோய்க் கிருமிகளில் பெரும்பாலானவற்றை இவ்வமிலமே அழித்துவிடுகிறது. ஊர் எல்லையில் நிற்கும் காவற்காரனைப் போன்றது அது.

இக்காவற்காரன் சில வேளைகளில் வீட்டாரையே தாக்குவதும் உண்டு. அமிலம் மேலேறி உணவுக்குழாயைச் சுட்டால் நெஞ்செரிச்சல் உண்டாகிறது. இரைப்பையின் உட்சுவர் வலுவிழந்த இடத்தில் அது புண்ணை ஆற விடாமல் செய்கிறது. அத்தகைய புண்களுக்குக் காரம் மிகுந்த உணவும் மனக் கவலையுமே காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டு வந்தது. ஆஸ்திரேலிய நாட்டைச் சேர்ந்த ராபின் வாரன், பாரி மார்ஷல் என்னும் இருவர் 1980களின் தொடக்கத்தில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியே பெரும்பாலான புண்களுக்கு மூலம் என்று காட்டினர். அதற்காக 2005ல் அவர்களுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆஸ்பிரினும் மூட்டுவலி மாத்திரைகளும் புண்ணுக்கு மற்றொரு முக்கிய காரணமாகும்.

மூவகை மருந்துகள்

அமிலத்தை அடக்கும் மருந்துகள் மூவகைப்படும். சுரந்துவிட்ட அமிலத்தை முறிக்கும் அலுமினிய, மக்னீசியக் கூழ்கள் முதல் வகை. இவற்றின் பயன் சிறிது நேரமே நிற்கும்.

அமிலம் சுரக்குமாறு உடல் விடுக்கும் ஆணைகளில் ஒன்றான ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்துகள் இரண்டாம் வகை. ஜேம்ஸ் பிளாக் என்னும் ஸ்காட்லாந்து விஞ்ஞானியின் ஆராய்ச்சியால் உண்டான சிமெடிடின் 1976ல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. அவர் 1988ல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவர். ஃபமோடிடின் இவ்வகையைச் சேர்ந்ததே.

மூன்றாம் வகை மருந்துகள் இரைப்பைச் சுவரில் அமிலத்தை வெளியேற்றும் நுண்ணிய இறைப்பான்களையே செயலற்றனவாக்குகின்றன. ஒமெப்ரசோல் 1988ல் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. பான்டோப்ரசோல், ரபெப்ரசோல், எசோமெப்ரசோல் என்பன அதன்பின் வந்தவை. இன்று நம் ஊர் மருந்துக் கடைகளில் "கேஸ் மாத்திரை" என்று கேட்டால் பெரும்பாலும் இவ்வகையே கைக்கு வருகிறது. மூவகையிலும் இதுவே வலிமை மிக்கது. ஆதலின் ஐயமும் இதைப் பற்றியே மிகுதியாக எழுந்தது.

வயிற்றிலிருந்து நுரையீரலுக்கு

வயிற்று மருந்துக்கும் நுரையீரலுக்கும் என்ன தொடர்பு என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். நம் பெரியோர் கபவாத சுரம் என்று வழங்கிய நிமோனியா, நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளில் கிருமிகள் தங்கிச் சீழும் நீரும் நிறைவதால் உண்டாவது. அக்கிருமிகள் காற்றின் வழியே மட்டும் வருவதில்லை. உறக்கத்தில் தொண்டையிலுள்ள நீர் துளித்துளியாக மூச்சுக்குழலில் இறங்குவதுண்டு. உடல் நலமுள்ளவரை அது வருத்துவதில்லை. முதுமையிலும், பக்கவாதத்தால் விழுங்கும் ஆற்றல் குன்றிய நிலையிலும் அதுவே ஆபத்தாகலாம்.

அமிலம் குறைந்தால் இரைப்பையில் கிருமிகள் பெருக இடமுண்டு. அங்கிருந்து எதுக்களித்து மேலே வருவது தொண்டையை அடைந்து, அங்கிருந்து நுரையீரலில் இறங்கலாம். ஐயத்திற்கு அடிப்படை இதுவே. எனினும், இவ்வாறு நேரக்கூடும் என்பது வேறு. நேர்கிறது என்பது வேறு. சரக்கு இருப்பு குறையக்கூடும் என்பதனாலேயே எந்தப் பண்டகசாலையிலும் குறைவு என்று நாம் எழுதிவிடுவதில்லை. எண்ணிப் பார்த்த பின்னரே எழுதுகிறோம்.

கணக்குகள் கூறியது

நெதர்லாந்து நாட்டில் குடும்ப மருத்துவர்களின் பதிவேடுகளிலிருந்து 3,64,683 பேரின் விவரங்களைத் திரட்டி ஆராய்ந்து, 2004ல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். அமிலம் அடக்கும் மருந்து உண்ணாதவர்களில் ஆண்டொன்றுக்கு 1,000 பேரில் 6 பேருக்கு நிமோனியா வந்திருந்தது. உண்டவர்களிலோ அவ்வாறே கணக்கிட்டதில் ஏறத்தாழ 25 பேருக்கு வந்திருந்தது. நான்கு மடங்கு என்று கண்டு எவரும் திடுக்கிடுவர்.

ஆனால் அவ்வாராய்ச்சியாளர்கள் அங்கே நின்றுவிடவில்லை. மாத்திரை தேவைப்படுவோர் பொதுவாக வயது முதிர்ந்தோர். வேறு நோய்களும் உடையோர். அவர்களை நலமுள்ள இளைஞர்களோடு ஒப்பிடுதல் நியாயமன்று. ஆகவே மூன்றாம் வகை மாத்திரையை இப்போது உண்போரை, முன்பு உண்டு நிறுத்தியவர்களோடு ஒப்பிட்டு, பிற வேற்றுமைகளையும் கழித்துக் கணக்கிட்டனர். நான்கு மடங்கு என்பது இரண்டு மடங்குக்கும் குறைந்தது, 1.89 என்று வந்தது. அதுவும் புறக்கணிக்கத்தக்கது அன்று. அந்நாள் முதல் இக்கேள்வி உலகெங்கும் ஆராயப்பட்டு வருகிறது.

2009ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 63,878 பேரின் கணக்கு வெளிவந்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு, அதாவது 100க்கு 52 பேருக்கு, அமிலம் அடக்கும் மருந்து தரப்பட்டிருந்தது. பிற காரணங்களைக் கழித்த பின்னும், மருந்து பெற்றவர்களிடையே மருத்துவமனையில் உண்டாகும் நிமோனியாவின் வாய்ப்பு 1.3 மடங்காக இருந்தது.

பேரேடு தரும் பாடம்

இவ்விடத்தில் நம் சங்கக் கணக்கிலிருந்தே ஓர் உவமை கூறுகிறேன். ஒரு சங்கத்தில் காலமான அங்கத்தினர்களின் கணக்குகளை எடுத்துப் பாருங்கள். அவர்களில் பலர் இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் சிக்கன நிதியிலிருந்து முன்பணம் பெற்றிருப்பதைக் காணலாம். முன்பணம் வாங்கியதனால் அவர்கள் இறந்தார்கள் என்று யாரேனும் கூறுவாரா? நோய் வந்தது, நோய்க்காகப் பணம் வாங்கினார்கள், அந்நோயாலேயே இறந்தார்கள். பேரேட்டில் முன்னே நிற்பது பின்னே நிற்பதற்குக் காரணமாகிவிடாது.

இத்தகைய மயக்கம் மருத்துவக் கணக்கிலும் உண்டு. பிரிட்டனின் குடும்ப மருத்துவர் பதிவேடுகளைக் கொண்டு செய்த ஆராய்ச்சி ஒன்று 2008ல் வெளிவந்தது. மாத்திரையைத் தொடங்கிய 2 நாட்களுக்குள் நிமோனியா கண்டவர் விகிதம் ஆறு மடங்குக்கு மேல் இருந்தது. ஒரு வாரத்தில் அது நான்கு மடங்குக்குக் கீழ் வந்தது. நீண்ட காலமாக உண்பவர்களிடம் மிகுதி காணப்படவில்லை. மாத்திரையே நோயை உண்டாக்கியிருந்தால், நெடுநாள் உண்பவரையும் அது விட்டுவைத்திருக்குமா? இரண்டே நாளில் இரைப்பையில் கிருமி பெருகி நுரையீரலை அடைதல் எளிதன்று. நிமோனியாவின் தொடக்கத்தில் தோன்றும் நெஞ்சு வலியையும் வயிற்றுச் சங்கடத்தையும் எரிச்சல் என்று கருதி மாத்திரை கொடுத்திருப்பர். மறைந்திருந்த நோய் இரண்டு நாள் கழித்து வெளிப்பட்டிருக்கும் என்று கொள்வதே பொருத்தம்.

சீட்டுப் போட்டுச் செய்த சோதனை

இம்மயக்கத்தை நீக்க ஒரு வழியுண்டு. மாத்திரை யாருக்கு என்பதை மருத்துவரும் தீர்மானிக்காமல், நோயாளியும் தீர்மானிக்காமல், திருவுளச் சீட்டு எடுப்பதுபோல் பிரித்துவிடுவதே அது. பாதிப் பேருக்கு உண்மை மாத்திரையும், மற்றவர்களுக்கு அதே தோற்றமுள்ள மருந்தற்ற மாத்திரையும் தருவர். முதுமையும் பிற நோயும் இரு பக்கமும் ஒன்றுபோல் அமைந்துவிடும். எஞ்சும் வேற்றுமை மருந்தினுடையது.

இதய நோயோ இரத்தக் குழாய் அடைப்போ உடைய 17,598 பேரிடம் பான்டோப்ரசோலைக் கொண்டு இத்தகைய சோதனை 33 நாடுகளில் நடத்தப்பட்டு, முடிவு 2019ல் வெளியாயிற்று. ஏறத்தாழ 3 ஆண்டுகள் கவனித்ததில், நிமோனியா இரு பக்கத்தாருக்கும் ஒரே அளவிலேயே வந்தது. குடலைத் தாக்கும் தொற்று மட்டும் மாத்திரை உண்டவர்களிடம் சிறிது மிகுந்திருந்தது. மருந்தற்ற மாத்திரை உண்டோரில் அது 1,000க்கு 10 பேருக்கு வந்தது. உண்மை மாத்திரை உண்டோரில் 1,000க்கு 14 பேருக்கு வந்தது.

செயற்கை மூச்சுக் கருவியில் வைக்கப்பட்ட கடும் நோயாளிகள் 4,821 பேரிடம் நடந்த மற்றொரு சோதனையின் முடிவு 2024ல் வெளியாயிற்று. பான்டோப்ரசோல் பெற்றவர்களில் 100க்கு 1 பேருக்கும், பெறாதவர்களில் 100க்கு 3.5 பேருக்கும் இரைப்பை, குடலில் ஆபத்தான இரத்தக்கசிவு உண்டாயிற்று. நிமோனியாவில் குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை.

இவற்றைத் தொகுத்து நோக்கினால் பெறப்படுவது யாது? தக்க காரணத்திற்காக மாத்திரை உண்பவர் நிமோனியாவுக்கு அஞ்சி அதை விட வேண்டியதில்லை. முதல் கணக்குகளில் தோன்றிய மிகுதியின் பெரும்பகுதி நோயாளிகளின் முதுமையாலும் பிற நோய்களாலும் வந்தது. ஆயினும், மாத்திரை முற்றிலும் தீங்கற்றது என்று இதனால் கொள்ளலாகாது. நெடுங்காலம் உண்போருக்கு வைட்டமின் பி 12 குறைதலும், இரத்தத்தில் மக்னீசியம் குறைதலும் நேரக்கூடும். அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எலும்பு முறிவு பற்றி 2010லும், மக்னீசியக் குறைவு பற்றி 2011லும், கடும் பேதியை உண்டாக்கும் ஒருவகைக் குடற்கிருமி பற்றி 2012லும் எச்சரிக்கை விடுத்தது. பயன் இருக்குமிடத்தில் இச்சிறு செலவை ஏற்கலாம்; பயனே இல்லாத இடத்தில் செலவு மட்டும் எஞ்சும்.

யார் நிறுத்தலாகாது?

இரைப்பைப் புண்ணிலிருந்து முன்பு இரத்தம் கசிந்தவர்கள், ஆஸ்பிரினும் இரத்தம் உறையாமற் காக்கும் மருந்துகளும் உண்ணும் முதியோர், மூட்டுவலி மாத்திரைகளைத் தொடர்ந்து உண்ண வேண்டியவர்கள், அமிலத்தால் உணவுக்குழாய் கடுமையாகப் புண்பட்டவர்கள் ஆகியோர் மருத்துவர் சொல்லாமல் இம்மாத்திரையை நிறுத்துதல் கூடாது. பைலோரிக் கிருமியை ஒழிக்கக் கிருமிநாசினி மருந்துகளோடு சேர்த்துத் தரும்போதும், சொன்ன நாள்வரை தவறாது உண்ண வேண்டும்.

நான் குறிப்பிட்ட முதியவர் இவ்வகையினர். மருத்துவர் அவரிடம், "பெரியவரே, ஆஸ்பிரின் உங்கள் இருதயத்திற்குக் காவல், இந்த மாத்திரை உங்கள் வயிற்றுக்குக் காவல். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை விட்டுவிடாதீர்கள்" என்று கூறி, மீண்டும் தொடங்கச் செய்தார்.

யார் ஆலோசிக்க வேண்டும்?

மற்றொரு வகையினர் உண்டு. அவர்களுக்கு என்னையே உதாரணமாகக் காட்டுகிறேன். ஊர் ஊராகச் செல்லும் உத்தியோகத்தில் வேளைக்கு உணவில்லாமல், எரிச்சல் கண்டபோது மருந்துக் கடையில் கேட்டு ஒரு பட்டை வாங்கினேன். பின்னர் அதுவே வழக்கமாயிற்று. எந்த மருத்துவரும் எழுதித் தராத மாத்திரையை இரண்டு ஆண்டுகள் நாள்தோறும் விழுங்கிவந்தேன். ஏன் உண்கிறேன் என்று எவரும் கேட்கவில்லை; நானும் கேட்டுக்கொள்ளவில்லை. சங்கங்களில் சான்றுச் சீட்டு இல்லாத செலவை மறுக்கும் நான், என் உடலின் கணக்கில் சான்றில்லாத செலவை ஈராண்டு அனுமதித்திருக்கிறேன்.

ஒருமுறை நானாகவே நிறுத்தியபோது எரிச்சல் முன்னிலும் மிகுந்தது. "மாத்திரை இல்லாமல் நமக்கு ஆகாது" என்று முடிவு செய்து மீண்டும் தொடங்கினேன். அம்முடிவு தவறு என்பதை முதியவரோடு சென்ற அன்றே அறிந்தேன். டென்மார்க்கில் எரிச்சல் ஏதுமில்லாத நலமுள்ள 120 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு 8 வாரம் எசோமெப்ரசோல் கொடுத்து நிறுத்தினர். மருந்து உண்டவர்களில் 100க்கு 44 பேருக்கு, நிறுத்திய பின்னர் அமிலத் தொல்லைகள் தோன்றின. மருந்தற்ற மாத்திரை உண்டவர்களில் 100க்கு 15 பேருக்கே தோன்றின. 2009ல் வெளியான இம்முடிவின் பொருள் யாதெனில், அடக்கி வைத்த சுரப்பு, தடை நீங்கியதும் சில வாரம் மிகையாகப் பாய்கிறது என்பதே. அதை நோய் என்று கருதி மீண்டும் மாத்திரையை நாடுவோர் பலர்.

எனக்கு மருத்துவர் கூறிய வழி இது: அளவைப் பாதியாக்குதல்; பின்னர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் உண்ணுதல்; பின்னர் நிறுத்துதல்; இடையில் எரிச்சல் கண்டால் அமிலம் முறிக்கும் கூழை மட்டும் உண்ணுதல். எனக்கு உரிய வழி எல்லோருக்கும் உரியதாகாது. தம்மிடமுள்ள மாத்திரைகளை எல்லாம் எடுத்துச் சென்று, "இது எதற்காக? எத்தனை நாளைக்கு?" என்னும் இரு கேள்விகளை மருத்துவரிடம் கேட்பதே அங்கத்தினர் கடமை.

தறியிலும் வயலிலும்

நெசவாளர் குழித்தறியில் வயிற்றை மடக்கி நெடுநேரம் அமர்கின்றனர். உண்டவுடன் தறியில் இறங்கிக் குனிந்தால் அமிலம் மேலேறும். உணவுக்குப்பின் சிறிது நேரம் நடந்துவிட்டு இறங்குதல் நலம். வயலில் உழைப்போர் காலையில் தேநீர் மட்டும் பருகி, உச்சிவேளை வரை வெறும் வயிற்றோடு இருந்துவிட்டு, பின்னர் வயிறு நிறைய உண்கின்றனர். அதைச் சிறுகச் சிறுகப் பிரித்துக்கொள்ளலாம். இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரமேனும் இருக்க வேண்டும். எதுக்களிப்பு உடையோர் கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே கட்டை வைத்து உயர்த்திக்கொள்ளலாம். பீடி, சிகரெட் ஆகியவை வயிறு, நுரையீரல் இரண்டுக்கும் பகை. நிமோனியாவுக்கு அஞ்சுபவர் முதலில் விடவேண்டியது அவற்றையே. இடுப்பு வலிக்கென்று கடையில் வாங்கும் வலி மாத்திரைகளையும் வழக்கமாக்கிக்கொள்ளலாகாது.

சில அறிகுறிகள் தோன்றினால் கேஸ் மாத்திரையால் காலங்கடத்துதல் உயிருக்கே கேடாகும். கருநிறமாக மலம் போதல், இரத்த வாந்தி, உணவு விழுங்க இயலாமை, காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவை உடனே மருத்துவர் பார்க்க வேண்டியவை. நெஞ்சை அழுத்தும் வலியோடு வியர்வையும் மூச்சுத் திணறலும் கண்டால் அது வாயுவன்று. இருதய நோயாக இருக்கலாம். காய்ச்சல், இருமல், விரைந்த மூச்சு, மூச்சிழுக்கையில் விலாவில் குத்தும் வலி ஆகியவை நிமோனியாவின் குறிகள். முதியோரிடம் காய்ச்சலே இல்லாமல், திடீரென்று தடுமாற்றமும் சோர்வும் மட்டும் காணப்படுவதும் உண்டு. நிமோனியாவைத் தடுக்கும் ஊசி தமக்கு வேண்டுமா என்பதை 60 வயதைக் கடந்தோரும் நெடுநாள் நோயுடையோரும் மருத்துவரிடம் கேட்டறியலாம்.

முடிவாக ஒன்று கூறுவேன். சங்கக் கணக்கில் ஒரு செலவைக் கண்டால் நாம் அதை உடனே அடித்துவிடுவதும் இல்லை. கேளாமல் ஒப்புக்கொள்வதும் இல்லை. தீர்மானம் எங்கே, சான்று எங்கே என்று கேட்கிறோம். தக்க சான்றிருந்தால் அனுமதிக்கிறோம்; இல்லையெனில் நிறுத்துகிறோம். காலையில் விழுங்கும் சிறு மாத்திரைக்கும் அவ்விதியே பொருந்தும். அச்சத்தால் விடுவதும் தவறு. வழக்கத்தால் தொடர்வதும் தவறு. அம்முதியவர் இன்று தம் இரு மாத்திரைகளையும் உண்டு தறியில் அமர்கிறார். நான் என் மாத்திரையை விட்டுவிட்டு, வேளையில் உண்ணக் கற்றுவருகிறேன். இருவருக்கும் ஒரே மருத்துவர் ஒரே நாளில் வெவ்வேறு விடை கூறினார். அவரவர் கணக்கு வேறாதலின் இரண்டும் சரியான விடைகளே.